எழுத்துவில்லை விளையாட்டில் சொல்லாக்கம்: ‘திருமழபாடி’ என்னும் ஊர்ப்பெயர் வழி ஓர் இலக்கண நோக்கு

முன்னுரை

எழுத்து பொறித்த வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டுகளுள் ஸ்கிராபிள் பரவலாக அறியப்பட்டதாகும். அமெரிக்கரான ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் 1930களில் உருவாக்கிய இது, 1948இல் இப்பெயர் பெற்றது. இதன் ஆங்கிலப் பதிப்பில் 26 எழுத்துகளுக்கு, வெற்றுவில்லைகள் இரண்டு உட்பட, 100 வில்லைகள் உள்ளன. தமிழின் 247 எழுத்துகளுக்கு, எழுத்துக்கு ஒன்றென வைப்பினும் இவ்வெண்ணிக்கை போதாது. ஆதலின் வில்லையின் அலகு எது, ஏற்புடைய சொல்லை வரையறுப்பது எது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த, தேவார மூவரும் பாடிய திருமழபாடியின் பெயரைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொழிமுதல் வரம்பு

தி, ரு, ம, ழ, பா, டி என்னும் ஆறு எழுத்துகளையும் ஒருங்கே 720 வகையாக வரிசைப்படுத்தலாம். நன்னூல் விதிப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்களும் சொல்லுக்கு முதலாகா. எனவே ரு, ழ, டி ஆகியன முதலில் வரும் 360 வரிசைகள் நீங்குகின்றன. எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை பொருளற்றவையே. இவ்வெழுத்துகளுள் சிலவற்றைத் தெரிந்தடுக்கினால் திரு, மதி, மடி, பாதி, பாடி முதலிய சொற்கள் கிடைக்கின்றன. இலக்கணம் சொல்லாகும் வாய்ப்பை மட்டுமே காட்டும். சொல்லாக நிலைபெறச் செய்வது வழக்கு என்பது இதனால் புலனாகிறது.

வில்லையின் அலகு

உயிர்மெய்யை உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் இப்பெயர் த், இ, ர், உ, ம், அ, ழ், அ, ப், ஆ, ட், இ எனப் பன்னிரண்டு அலகுகளாகிறது. அப்போது பழம், பாடம், ஆழம், இடம் ஆகியவற்றுடன் ‘தமிழ்’ என்னும் சொல்லும் அமைகிறது. உயிர்மெய்யையே அலகாகக் கொண்டால் த, மி, ழ் ஆகிய எழுத்துகள் இல்லாமையால் அச்சொல் அமையாது. மெய் தனித்து நிற்பதால் ஈற்றெழுத்து, மெய்ம்மயக்க விதிகளும் இங்குத் தேவையாகின்றன. வல்லின மெய் சொல்லுக்கு ஈறாகாது. மகர மெய்யை அடுத்து டகரம் வாராது.

ஏற்புடைமையின் அளவுகோல்

ஆங்கில விளையாட்டில் பெரிய எழுத்தில் தொடங்கும் சிறப்புப்பெயர்கள் விலக்கப்படுகின்றன. தமிழ் வரிவடிவில் அவ்வேறுபாடு இல்லை. பொருள்கொண்டே சிறப்புப்பெயரை இனங்காண வேண்டும். அவ்வகையில் ‘மழபாடி’ விலக்கப்படும், ‘பாடி’ ஏற்கப்படும். இளமைப் பொருளில் தொல்காப்பியம் கூறும் ‘மழ’ என்னும் உரிச்சொல்லைத் தனிச்சொல்லாக ஏற்பதா என்பது விவாதத்திற்குரியது.

அகராதியை மட்டும் அளவுகோலாக்குவதிலும் இடர்ப்பாடு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘பாடுதல்’ என்னும் வினையைத் தலைச்சொல்லாகத் தருகிறது. பாடினான், பாடுகிறார்கள் போன்ற வடிவங்களைத் தனித்தனியே தருவதில்லை. ஒட்டுநிலை மொழியில் அவையனைத்தையும் பட்டியலிடுதல் அரிது. மறுதலையாக, மொழிமுதல் விதியை மட்டும் கொண்டால் இன்று வழங்கும் ரயில், லட்டு, டம்ளர் ஆகியன விலகிவிடும்.

முடிவுரை

எழுத்துவில்லை விளையாட்டை வகுப்பறைக்கோ மென்பொருளுக்கோ வடிவமைப்போர் வில்லையின் அலகையும், சார்ந்திருக்கும் அகராதியையும், திரிபுற்ற வடிவங்களுக்கும் கடன்சொற்களுக்கும் உரிய நிலையையும் முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். இலக்கணம் பொருந்தா வரிசைகளை நீக்கவும், அகராதி வேர்ச்சொல்லை உறுதிசெய்யவும், உருபனியல் விதிகள் திரிபு வடிவங்களை ஏற்கவும் பயன்படும். இம்மூன்றுள் ஒன்றை மட்டும் கொண்டால், மாணவர் அறிந்த சரியான சொல்லே பிழையெனத் தள்ளப்படும்.