நீரிழிவுற்ற பூனைக்கு இன்சுலின்

நீரிழிவு மனிதரை மாத்திரம் பற்றும் நோய் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். வீட்டுப் பூனைக்கும் அந்நோய் வருவதுண்டு. நடுவயதைக் கடந்து உடல் பருத்த பூனைகளிடத்தே, சிறப்பாக நலமடித்த கடுவன்களிடத்தே, அது மிகுதியாகக் காணப்படும். நோயுற்ற பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாக உண்டும் மெலியும். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிப்பகுதி நிலத்திற் படிய நடக்கும். இக்குறிகளைக் கண்டால் மிருக வைத்தியரைக் கொண்டு இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பித்தல் வேண்டும்.

1921ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் நாய்களை வைத்து ஆராய்ந்து, சதையியிலிருந்து பெற்ற சாறே இன்சுலின் மருந்துக்கு வழிவகுத்தது. விலங்குகளின் துணையாற் கிடைத்த அம்மருந்து இன்று விலங்குகளையும் காக்கின்றது. ஆயினும் அதனை வீட்டில் வைத்துக் கொடுப்போர் அளவிலே மிக்க கவனமுடையவராதல் வேண்டும்.

பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு இருதடவை ஊசி போடப்படும். தொடக்கத்திற் பல பூனைகளுக்குத் தடவைக்கு ஓர் அலகளவே போதுமானது. அவ்வளவை வைத்தியரே விதிப்பார்.

முதலிற் கவனிக்க வேண்டியது ஊசிக்குழாய். இன்சுலின், மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டதாகவும் 100 அலகு கொண்டதாகவும் விற்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய குழாய் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழாயில் முதற் கோடுவரை எடுத்தால், பூனைக்குச் செல்வது இரண்டரை அலகாகிவிடும். எனவே புட்டியிலுள்ள எண்ணையும் குழாயிலுள்ள எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பத்தில் வைக்கலாம், உறையவிடலாகாது.

பூனை உணவு உண்டதைக் கண்டபின், விலாப்புறத் தோலைச் சற்றே தூக்கி, அதன் கீழ் ஊசியைச் செலுத்துக. பூனை உண்ண மறுத்தால், வைத்தியரைக் கேளாது வழக்கமான அளவைக் கொடுக்கலாகாது. மருந்து உள்ளே சென்றதோ, வெளியே சிந்தியதோ என்னும் ஐயம் தோன்றினாலும் மறுபடி ஊசி போடுதல் கூடாது. காரணம் எளிது: ஒருவேளை மருந்து தவறினால் பெரும்பாலும் பெருந்தீங்கு நேராது, இருமடங்கு சென்றாலோ, இரத்தத்திலே சீனி மிகவும் குறைந்து சில மணி நேரத்தில் உயிருக்கே இடர் நேரலாம்.

சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்பன சீனி தாழ்ந்தமைக்கு அறிகுறிகள். பூனை உணர்வோடிருப்பின் உடனே உணவு கொடுக்க. உண்ண இயலாதாயின் சிறிது தேனையோ சீனிப்பாகையோ ஈறிலே தடவி, தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்க. வலிப்புறும் பூனையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழாயினுட் சென்றுவிடும்.

மருத்துவ நிலையத்திலே பூனை அஞ்சும்போது அதன் இரத்தச் சீனி உயரும். ஆகவே வீட்டிலே காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து அளப்பது கூடிய பயன் தரும். வைத்தியர் கூறும் நாளில், காலை ஊசி தொடங்கி 12 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். அவ்வெண்களில் மிகத் தாழ்ந்தது தெசிலீற்றருக்கு 80 முதல் 150 மில்லிகிராம் வரையில் இருத்தல் நன்று. 80க்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசிக்கு முன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். ஒருநாட் கணக்கு உயர்ந்திருக்கிறதென்று நாமே மருந்தைக் கூட்டலாகாது. புதிய அளவின் பயன் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும்.

பூனை இயல்பாகவே ஊனுண்ணி. சோற்றைக் குறைத்து மீனும் இறைச்சியும் மிகுந்த உணவு கொடுத்தால் சீனி தணியும். அப்பொழுது பழைய மருந்தளவே மிகையாகிவிடக்கூடுமாதலால், உணவை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். தக்க உணவும் ஒழுங்கான மருந்தும் பெற்ற பூனைகள் சில, சில மாதங்களில் இன்சுலின் வேண்டாத நிலையை அடைவதுமுண்டு. அந்நிலை வருவதை முன்னரே காட்டுவது நாம் எழுதி வைக்கும் கணக்கேயாம். நேரம், உணவு, அளவு, சீனி ஆகிய நான்கையும் ஒரு கொப்பியிலே நாள்தோறும் குறித்து வருக. வீட்டில் ஊசி போடுவோர் இருவராயின், இருவரும் அதிலேயே குறிப்பாராக.