‘வம்பு’ என்னுஞ் சொல்

சொற்கள் காலந்தோறும் பொருள் திரிந்து வருதல் மொழிக்கு இயல்பு. சான்றோர் செய்யுளில் வழங்கிய சொல் தெருப்பேச்சிற்கு இறங்குதலும் உண்டு. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாய் அமைவது ‘வம்பு’ என்னுஞ் சொல்.

வேலையின்றிக் கூடியிருப்போர் அயலார் காரியங்களைப் பேசிப் பொழுது போக்குதலை ‘வம்பளத்தல்’ என்பர். ‘அரட்டை’ என்பதும் இதனோடு ஒத்ததே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. அரட்டையடிப்போர் மழையைப் பற்றியும் பேசுவர், பந்தாட்டத்தைப் பற்றியும் பேசுவர். வம்பளப்போர்க்கோ பிறர் வீட்டுச் செய்தியே பெரும்பொருள். ‘அளத்தல்’ என்னும் வினையும் நோக்கத்தக்கது. நெல்லைக் கொத்துக் கொத்தாக அளந்து கொட்டுதல்போலப் பேச்சைக் கொட்டுதல் என்னுங் குறிப்பு அதன்கண் உளது. ‘கதை அளத்தல்’ என்பதும் அவ்வாறே. ‘வம்புக்கு இழுத்தல்’, ‘வம்புச் சண்டை’ என வருமிடங்களில் இச்சொல் பூசலையுங் குறிக்கும்.

பண்டைக் காலத்து இச்சொற்குப் பொருள் வேறு. தொல்காப்பியர் உரியியலில் வம்பு என்பதற்கு நிலையின்மை என்று பொருள் கூறினர். குறுந்தொகை 66 ஆம் பாட்டிலே, தலைவன் வருவதாகச் சொன்ன கார்ப்பருவம் வந்துவிட்டதென்று கலங்கிய தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். பருவமல்லாப் பருவத்துப் பெய்த மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்தது என்பது அவள் கூற்று. அம்மழைக்குப் பெயர் ‘வம்ப மாரி’. ஓரிடத்தே நிலைத்திராது பாலைவழிச் செல்லும் புதியோரை ‘வம்பலர்’ என்றனர். நிலைபெறாதது புதியதுமாகலின், புதுமைப் பொருளும் இச்சொற்கு உண்டாயிற்று.

இவ்வேறுபாட்டை அறியாது பழைய நூல்களைப் பயில்வோர் பெரிதும் இடர்ப்படுவர். அகநானூறு 251 ஆம் பாட்டில் மாமூலனார் ‘வம்ப மோரியர்’ என்கின்றார். மோரியர் தென்னாடு நோக்கி வந்தமைக்குச் சான்றாக ஆராய்ச்சியாளர் எடுத்தாளும் பாட்டு இது. இக்காலப் பொருளை ஏற்றி, ‘வம்புக்கு வந்த மோரியர்’ என ஒரு மாணவன் எழுதுவானாயின், பிழை சொல்லளவில் நில்லாது, வரலாறும் பிழைபடும். ‘புதியராய் வந்த மோரியர்’ என்பதே அவ்விடத்துப் பொருத்தமான பொருள்.

நிலையின்மை குறித்த சொல், அடிப்படையற்ற பேச்சையும், பின் அப்பேச்சால் விளையும் பூசலையும் குறிக்க வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். திருவள்ளுவர் 19 ஆம் அதிகாரத்திற் புறங்கூறாமையையும் 20 ஆம் அதிகாரத்திற் பயனில சொல்லாமையையும் அடுத்தடுத்து வைத்தனர். வம்பு என்னுஞ் சொல்லை அவர் அங்கு ஆண்டிலர். எனினும் அவ்விரண்டு குற்றமும் ஒருங்கே கூடிய இடமே வம்பளப்பு. பொய்ம்மழையை நம்பிய கொன்றைக்கு இழப்பு மலரளவே. நிலையற்ற பேச்சை நம்புவோர் இழப்பது உறவையும் நட்பையுமாம். ஆதலின் மாணவர், நூலில் வரும் வம்பினை ஆராய்ந்து பொருள் கொள்ளுதலும், நாவில் வரும் வம்பினை ஆராயாதே விடுதலும் நன்று.