வருஷத்தில் பாதி இங்கே, பாதி அங்கே: இந்தத் தொழிலாளியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்தில் நுவாகாய் அறுவடைத் திருவிழா முடிந்ததும் தரகர்கள் வீடு வீடாக வருவார்கள். முன்பணம் கைமாறும். அக்டோபர், நவம்பரில் காண்டாபாஞ்சி ரயில் நிலையம் மூட்டை முடிச்சுகளோடு நிரம்பி வழியும். கணவன், மனைவி, குழந்தை என்று குடும்பமாகக் கிளம்பி தெலங்கானாவின் செங்கல் சூளைகளுக்கும், நம்ம திருவள்ளூர் சூளைகளுக்கும் போவார்கள். மழை தொடங்கும் ஜூன் மாதத்தில் ஊர் திரும்புவார்கள். நாலைந்து மாதம் கழித்து மறுபடியும் அதே ரயில்.

இதற்குப் பெயர்தான் சுழற்சி இடப்பெயர்வு. ஊரை விட்டு நிரந்தரமாகப் போவதில்லை. போன இடத்தில் நிலைப்பதும் இல்லை. இப்படிப் போய் வருகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர்? அரசிடம் உறுதியான எண்ணிக்கை இல்லை.

ஏன் கணக்கு இல்லை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பெண்களும் இதில் அடக்கம். 10 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட வேண்டிய இந்தக் கணக்கு, ஒரு போட்டோ மாதிரி. எடுத்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று காட்டும். போய் வருகிற நடமாட்டத்தைக் காட்டாது.

மாதிரிக் கணக்கெடுப்புகளில் வேறு சிக்கல். 2007-08ல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு, வேலைக்காக ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வெளியூரில் தங்கியவர்களைக் 'குறுகியகால' இடப்பெயர்வாளர் என்று வகுத்தது. ஆனால் சூளைத் தொழிலாளி ஏழெட்டு மாதம் வெளியில் இருக்கிறார். 'குறுகியகால'க் கட்டத்துக்குள் அவர் வரமாட்டார். சரி, நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவரா என்றால் அதுவும் இல்லை. வீடும் ரேஷன் கார்டும் சொந்த ஊரில். ரெண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2020 ஊரடங்கு அதைக் காட்டியது. ஒரு கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினார்கள். வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படித் தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது மத்திய தொழிலாளர் அமைச்சகம். கணக்கு இல்லாதவர்களுக்கு இழப்பீட்டை யார் பெயரில் எழுதுவது?

சட்டம் இருந்ததே?

இருந்தது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், போட்டோ ஒட்டிய பாஸ்புக் ஒன்றை ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரச் சொன்னது. ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். தானாக ரயிலேறி வந்தவர் அதில் வரமாட்டார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. தரவுத்தளம் வேண்டும் என்றும் சொல்கிறது.

இ-ஷ்ரம் போதாதா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமான அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். பெரிய வேலைதான். ஆனால் அது 'யார்' என்று சொல்கிறது. 'இப்போ எங்கே' என்று சொல்வதில்லை. ஊரில் இருக்கும்போது பதிந்தவர், சூளைக்கு வந்ததும் தானே போய் விவரத்தை மாற்றினால்தான் உண்டு. பதினாலு மணி நேரம் கல் அறுக்கிறவர் அதற்கு எங்கே போவார்?

என்ன செய்யலாம்?

மகாராஷ்டிராவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. இடம்பெயரும் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி எண் கொடுத்து, போன இடத்து அங்கன்வாடியில் சத்துணவும் தடுப்பூசியும் கிடைக்க வழி செய்யும் கண்காணிப்பு முறை 2021ல் தொடங்கியது. கிளம்பும்போது ஒரு பதிவு, சேர்ந்ததும் ஒரு பதிவு, திரும்பியதும் ஒரு பதிவு. தேசிய அளவில் வேண்டியதும் இந்த மூன்றுதான். ஊர்ப் பஞ்சாயத்து, வேலை தருபவர், போன இடத்து அங்கன்வாடி என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால், தொழிலாளி தலையில் அந்தச் சுமை ஏறாது.

இன்னொன்று, பதிவு செய்தால் கைமேல் பலன் இருக்க வேண்டும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் குடும்பத்தின் அரிசியில் ஒரு பங்கைப் போன ஊரிலும், மீதியைச் சொந்த ஊரிலும் வாங்கலாம். அதேபோல குழந்தையின் பள்ளி மாற்றம், மருத்துவக் காப்பீடு, கூலித் தகராறு எல்லாமே அந்த ஒரே எண்ணில் நடந்தால், மக்களே வந்து பதிவார்கள்.

பயம் எதற்கு?

கண்காணிப்பு என்றாலே போலீஸ் பதிவேடு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவர்களுக்கு நேரடியாகத் தைரியம் சொல்லியிருக்க முடியும். அதே பட்டியல் தவறான கையில் இருந்தால் மிரட்டவும் பயன்படும். அதனால் தரவு தொழிலாளர் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். யார் பார்க்கலாம், எதற்குப் பார்க்கலாம் என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும்.

அடுத்த நுவாகாய் முடிந்ததும் காண்டாபாஞ்சியில் மறுபடி கூட்டம் சேரும். ஏறுகிற குழந்தையின் பெயர் இறங்குகிற ஊரின் பள்ளியில் இருக்குமா என்பதுதான் இந்தத் திட்டத்துக்கான பரீட்சை.