வை-ஃபை கார்டு: டேக் ஹோம் எவ்வளவு?

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பிராஸஸர், ராம், மானிட்டர் என்று மூன்று வாரம் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்ட பிறகுதான், "ஆமா, இதுல வை-ஃபை எங்கே?" என்று தேடுவார்கள். லாப்டாப்பில் கூடவே வந்துவிடுகிற இந்தச் சமாசாரம் பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் கிடையாது. கடைக்குத் திரும்பி ஓடினால், கல்லாப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் நகம் சைஸில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். "பின்னாடி சொருகுங்க ஸார், போதும்!"

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் சொருகினார். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடி. வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் பாதி திறந்தபடி சிலையாகிவிடுவார். ஒருநாள் மேனேஜர், எல்லார் எதிரிலும், "நான் கேள்வி கேக்கும்போது மட்டும் உங்க நெட் போயிடுதே, எப்படி ஸார்?" என்று கேட்டுவிட்டார். வேலையோ இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. மனுஷனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போய்ப் பார்த்தேன். அவர் வாங்கிய பொடியன் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்கிற ஜாதி. இந்த அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகும், நல்ல பிள்ளைதான். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றே மூன்று. நண்பரின் அபார்ட்மெண்டில் இருபது ரௌட்டர்கள். மூன்று லேனில் இருபது வீட்டு ஷேர் ஆட்டோக்கள்! பற்றாததற்கு, பொடியனுக்குப் பக்கத்து யு.எஸ்.பி. 3.0 துளையில் வெளி ஹார்டு டிஸ்க். யு.எஸ்.பி. 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல் கம்பெனியே 2012-ல் எழுதி வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு இந்தக் கூத்தெல்லாம் மேஜைக்கடியில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால்!

"ஒரு வயரை இழுத்துட்டா முடிஞ்சுதே" என்பீர்கள். வாஸ்தவம். லான் கேபிளை அடிக்க எந்தக் கார்டாலும் முடியாது. ஆனால் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே மாடியிலிருந்து இறங்கி வருகிற ஹவுஸ் ஓனரிடம், சுவரில் டிரில் போடணும் என்று யார் போய்ச் சொல்வது?

ஆகவே கார்டுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் ஏ.எக்ஸ். 1800, ஏ.எக்ஸ். 3000 என்று நம்பர்களாக வந்து விழும். நான் பி.காம்., நம்பரைப் பார்த்தால் உடனே பிரித்துப் பார்க்கிற புத்தி. 3000 என்பது நம் ஆபீஸ் ஆஃபர் லெட்டரில் போடும் சி.டி.சி. மாதிரி. 2.4-ல் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் உட்காரும். அந்த 2402-ம் ரௌட்டர் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கொடுத்தால்தான். 80 என்றால் பாதி. நடுவில் இருக்கும் சுவர் பிடிக்கிற பிடித்தம் தனி. வீட்டுக்கு வருகிற கனெக்‌ஷனே 100 எம்.பி.பி.எஸ். என்றால், இரண்டு அலைவரிசையும் உள்ள சாதாரண ஏ.ஸி. 1200 கார்டே தாராளம். 6 கிகாஹெர்ட்ஸ் பேசும் 6-இ கார்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, ரௌட்டரும் அதைப் பேசினால்தான் பிரயோஜனம்.

காசை ஆண்டெனாவில் போடுங்கள் என்பது என் கட்சி. கார்டின் முதுகிலேயே திருகுகிற கொம்புகள் பெட்டிக்குப் பின்னால் சுவரை முறைத்துக்கொண்டு நிற்கும். வயரோடு வந்து மேஜை மேல் வைக்கிற மாதிரி ஆண்டெனா கேளுங்கள். நண்பருக்கு அதைத்தான் வாங்கி, மர ஷெல்ஃபின் உச்சியில் வைத்தோம். அப்புறம் அவர் சிலையாகவில்லை. இரண்டு மாதத்தில் கன்ஃபர்மேஷனும் வந்தது. (கார்டினால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆடிட் முடித்துக் கொடுத்தது அவர்தானே!)

கடைக்குக் கிளம்புமுன் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். குட்டி பி.ஸி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை காலியா? கிராஃபிக்ஸ் கார்டு அதை மூடிக்கொண்டிருந்தால், காலியாக உள்ள நீளத் துளையிலும் இதைச் செருகலாம். ஆபீஸ்கள் கழித்துவிட்ட ஒல்லி கம்ப்யூட்டரை செகண்ட்ஹாண்டில் வாங்கியவர்கள், அரை உயரத் தகடு கார்டோடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முழு உயரத் தகடு என்றால் மூடி மூடாது!

சிலருடைய போர்டில் எம்.2 துளை இருக்கும். அவர்கள் மலிவாக இருக்கிறதென்று இன்டெல் ஏ.எக்ஸ். 201, 211 வகையறாவை வாங்கிவிடக் கூடாது. பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருப்பதால், ஏ.எம்.டி. போர்டில் அது வெறும் தகடு. ஏ.எக்ஸ். 200, 210 இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். இன்னொன்று, கார்டில் புளூடூத் இருந்தால் அதற்கென்று ஒரு சின்ன வயர் தருவார்கள். அதை மதர்போர்டின் யு.எஸ்.பி. முள்ளில் மாட்டாமல், "ஹெட்ஃபோன் சேரவே மாட்டேங்குது" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

மாட்டியாயிற்று. டிரைவர் வேண்டும் என்கிறது கம்ப்யூட்டர். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட் வேண்டுமானால் டிரைவர் வேண்டும்! பதற வேண்டாம். செல்ஃபோனை சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரோடு சேர்த்து, ஃபோனில் யு.எஸ்.பி. டெதரிங்கைத் தட்டுங்கள். டிரைவர் இறங்குகிற வரைக்கும் அது போதும்.