கால்தடத்தைக் கண்டு குற்றம் சுமத்தலாமா?

படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் எம்மைத் தேடி வந்தனர். 2007 இல் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊர் திரும்பி மீண்டும் வயல் செய்யும் குடும்பம். கடனை அடைக்க மனைவி இரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்தார். கணவரின் கையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது. "ஹேர்பீஸ் இரண்டாம் வகை, ஐ.ஜீ.ஜீ. 1.8, பொசிற்றிவ்" என்று அதில் கண்டிருந்தது.

"இதற்கு என்ன அர்த்தம், ஃபாதர்?" என்றார் கணவர். மனைவி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புண்ணோ கொப்புளமோ ஒருநாளும் வந்ததில்லை. அவர்களின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.

ஹேர்பீஸ் வைரசில் இரண்டு வகை உண்டு. முதலாம் வகை பெரும்பாலும் சிறுவயதில் எச்சில் மூலம் தொற்றி, வாயோரத்தில் கொப்புளம் போடும். இரண்டாம் வகை உடலுறவால் தொற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் 64 வீதமானோருக்கு முதலாம் வகையும், 15 முதல் 49 வயதுடையோரில் 13 வீதமானோருக்கு இரண்டாம் வகையும் உண்டு. பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

இந்த இரத்தப் பரிசோதனை வைரசைத் தேடுவதில்லை. வைரசை எதிர்க்க உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியையே தேடுகிறது. வேலியோரம் யானையின் கால்தடத்தைக் கண்டால் யானை வந்ததென அறிகிறோம். எந்த மாதம் வந்தது, எவர் காணியால் வந்தது என்று தடம் சொல்லாது. மழையில் கரைந்த தடமென்றால் யானையா, எருமையா என்பதே சந்தேகம்.

1.8 என்பது அத்தகைய கரைந்த தடம். பல ஆய்வுகூடங்கள் 1.1 ஐத் தாண்டினால் "பொசிற்றிவ்" என எழுதுகின்றன. ஆனால் இரண்டாம் வகைக்கு இந்த எண் 3 இலும் குறைவாயின், வேறொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டல். ஐ.ஜீ.எம். என்ற பரிசோதனையும் புதுத் தொற்றா, பழையதா என்று நம்பிக்கையாகக் காட்டாது. "நெகற்றிவ்" என்பதும் முடிந்த முடிபல்ல. தொற்றியபின் பிறபொருளெதிரி தெரியவர 12 வாரங்களோ அதற்கு மேலோ செல்லலாம்.

இவற்றை விளக்கியபின் கணவரிடம் கேட்டோம்: "தம்பி, உமது இரத்தத்தைச் சோதித்தீரா?" அவர் பேசவில்லை. மனைவிக்குத் தொற்றே இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அது பல வருடப் பழையதாக இருக்கலாம்; கணவரிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். குவைத் என்று அறிக்கையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அன்பார்ந்த குடும்பங்களே, இத்தகைய அறிக்கை கிடைத்தால் அயலவரிடமோ உறவினரிடமோ காட்டாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். சேவை இலவசம், இரகசியம் காக்கப்படும். புண் தோன்றினால் அது காயுமுன் காட்டுங்கள். புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியில் வைரசைத் தேடுவதே கூடுதலாக நம்பத்தக்கது. நோயை முற்றாக நீக்க மருந்தில்லை. ஆயினும் அசைக்கிளோவிர் புண்ணை விரைவில் ஆற்றும். கர்ப்பிணித் தாய்மார் புண் இருந்தால் வைத்தியரிடமும் மருத்துவ மாதுவிடமும் மறைக்காது சொல்லவேண்டும். பிரசவத்தை அண்டிய புதுத் தொற்று குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அத்தம்பதியர் மறுவாரம் ஒன்றாகவே வைத்தியரிடம் சென்றனர். போர் எமது குடும்பங்களை எத்தனையோ தடவை பிரித்தது. ஒரு துண்டுக் காகிதம் பிரிக்க நாம் இடம் கொடுக்க வேண்டாம்.