உங்களுக்குத் தெரியுமா? ஒலிபெருக்கி வாங்கும் முன் அறையை அளவிடுங்கள்!

● இன்றைய ஒலிபெருக்கிகள் பெரும்பாலானவற்றின் மூலவடிவம், செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் ஆகிய அமெரிக்கப் பொறியியலாளர்கள் 1925இல் வெளியிட்ட கம்பிச்சுருள் கூம்பு அமைப்பே. அதே ஆண்டு டிசம்பர் 16இல்தான் கொழும்பு வானொலியும் பிறந்தது.

● 4 மீற்றர் நீள அறையில் ஏறத்தாழ 43 ஹேட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கும். சுவரோரம் இருப்பவருக்கு அது மிகையாகக் கேட்கும். அறையின் நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பதும் அதற்கு மிக அருகே, 41 ஹேட்ஸில்தான். எவ்வளவு விலையுயர்ந்த ஒலிபெருக்கியாலும் அறையின் இந்த விளைவை மாற்ற முடியாது. நாற்காலியை நகர்த்தினால் கேட்பது மாறும்!

● வெறும் சீமெந்துச் சுவரும் தரையோடும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். கம்பளமும் திரையும் உச்சத் தொனிகளை மட்டுமே அடக்கும். தாழ்தொனிக்கு மூலைகளில் தடித்த பஞ்சுப் பலகைகள் வேண்டும்.

● நக்கிள்ஸ் மலையடிவாரத்து ரத்தோட்டை போன்ற ஈரலிப்பான இடங்களில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு விரைவில் உதிரும். மாத்தளை வாசகர்களே, றப்பர் விளிம்புள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

● கடைக்குப் போகும்போது, உங்களுக்கு நன்கு பழக்கமான நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.