விண்வெளிச் சித்திரக்கதையும் ஒரு மாணவனின் வினாவும்



சித்திரக்கதை படிப்பது வீண் பொழுதுபோக்கு என்று கருதிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். 1986-ஆம் ஆண்டு, திருப்பூரில் நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புவியியல் நூலுக்குள் பழைய இந்திரஜால் காமிக்ஸ் ஒன்றை மறைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அதனை நான் பிடுங்கினேன். அவனோ சிறிதும் அஞ்சாமல், "ஐயா, விண்வெளியில் காற்றே இல்லையே, இந்த ராக்கெட் எதை உதைத்துக்கொண்டு முன்னே போகிறது?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனி" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அந்த இதழில் இருந்தது பிளாஷ் கார்டனின் கதை. அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் ரேமண்ட் 1934 ஜனவரி 7-ஆம் நாள் செய்தித்தாளில் தொடங்கிய தொடர் அது. மோங்கோ என்னும் கோள், அதன் கொடுங்கோலன் மிங், அவனை எதிர்க்கும் பிளாஷ், துணை நிற்கும் டேல், ராக்கெட் செய்த அறிஞர் ஜார்க்காவ் ஆகியோரைச் சுற்றிக் கதை செல்லும். ஞாயிறுதோறும் ஒரு பக்கம் வரும். வீரன் இடரில் சிக்கும் இடத்தில் நிற்கும். வாசகன் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வழியாக இக்கதைகள் தமிழுக்கும் வந்தன. அவ்விதழ் 1990-இல் நின்றது. பிளாஷ் கார்டனோ நெடுங்காலம் ஓடி, சில காலம் ஓய்ந்து, 2023-இல் புதிய ஓவியரின் கையில் மீண்டும் தொடங்கியிருக்கிறான்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். பரிசலில் அமர்ந்து கனமான கற்களைப் பின்புறமாக ஒவ்வொன்றாக எறிந்தால், பரிசல் சற்றே முன்னே நகரும். துடுப்பும் வேண்டா, கோலால் ஆற்றின் அடியை ஊன்றவும் வேண்டா. கல் பின்னே செல்வதன் எதிர்விளைவே பரிசலை முன்னே செலுத்துகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. ராக்கெட் எறியும் 'கற்கள்' எரிந்து வெளியேறும் வாயுக்களே. எரிபொருளோடு, அது எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தரும் பொருளையும் ராக்கெட் தானே சுமந்து செல்கிறது. ஆதலின் அதற்குக் காற்று தேவையில்லை. காற்று உண்மையில் அதற்குத் தடையே.

இதனை அறியாதவன் அம்மாணவன் மட்டும் அல்லன். ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் காடார்டை, 'பள்ளி மாணவனுக்குத் தெரிந்ததும் இவருக்குத் தெரியவில்லை' என்ற பொருள்பட நியூயார்க் டைம்ஸ் இதழ் 1920 ஜனவரி 13 அன்று தலையங்கத்தில் எள்ளியது. வெற்றிடத்தில் ராக்கெட் உந்த முடியாது என்பது அதன் எண்ணம். அப்போலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அவ்விதழ் தன் பிழைக்கு வருந்தியது. அதற்குள் 49 ஆண்டுகள் கழிந்திருந்தன. காடார்டு 1945-லேயே மறைந்துவிட்டார்.

2023 ஆகஸ்ட் 23 அன்று, காற்றில்லாத நிலவை நோக்கித் தன் இயந்திரங்களை எரித்து, வேகம் தணித்து, சந்திரயான்-3 மெல்ல இறங்கிற்று. அதற்கு முன் 2008-இல் சென்ற சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, நமக்கு அண்மையில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிச் சிற்றூரில் பிறந்தவர். விண்வெளி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத இடம் அன்று.

சித்திரக்கதையில் பிழைகள் உண்டு. விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்பதாகக் காட்டுவர். காற்றில்லா இடத்தில் ஒலி பரவாது. அத்தகைய பிழையைக் கண்டு ஏன் என்று கேட்பவன், படித்துக்கொண்டே கற்கிறான். கேட்ட வினாவைத் தள்ளிவிடுபவன்தான் பொழுதை வீணாக்குகிறான்.

என் மாணவன் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குச் சென்றுவிட்டான் என்றார்கள். அவனை அனுப்பியது வறுமைதான். எனினும் விடையின்றி அனுப்பியது நான். அந்த இதழ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இன்று நான் உங்களுக்குச் சொன்னது, அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை.